கடைசி பெஞ்சும் பெட்டியடியும்

2025 மே மாதம் வெளியான பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவில் சிவகங்கை மாவட்டம் 98.31 விழுக்காட்டுத் தேர்ச்சி பெற்று மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. மாநிலச் சராசரி 93.80. கண்மாயையும் மழையையும் நம்பி விவசாயம் நடக்கிற, பெரிய ஆலைகள் அதிகம் இல்லாத ஒரு மாவட்டம் இந்த இடத்துக்கு வந்ததில் ஆசிரியர்களின் உழைப்பு பெரிது. அதை யாரும் குறைத்துப் பேச முடியாது.

தேர்ச்சி என்பது பாடத்துக்கு 35 மதிப்பெண். அந்த 35ஐ எட்ட வைக்க என்னென்ன செய்கிறோம் என்பதைப் பள்ளிக்கூடத்துக்குள் இருப்பவர்கள் அறிவார்கள். குறைந்தபட்சக் கற்றல் கையேடு, மாலைச் சிறப்பு வகுப்பு, ஒரு மதிப்பெண் வினாக்களைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தல். கணக்கில் செய்முறை வடிவியலும் வரைபடமும் மட்டுமே 16 மதிப்பெண் தரும் என்பதால் அந்த இரண்டையும் கை பழகும்வரை போட வைத்தல். இவை எல்லாம் சேர்ந்து ஒரு மாணவனைக் கரையேற்றிவிடுகின்றன. பத்தாண்டுக் காலம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கற்றல் ஒருமுறையேனும் தன்னுடைய காரியமாகத் தோன்றியதா என்ற கேள்விக்கு மட்டும் தேர்ச்சி விழுக்காட்டில் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

ஆர்வமில்லாத மாணவன் என்றதும் நம் நினைவுக்கு வருகிறவன் கடைசி பெஞ்சில் இருந்துகொண்டு சேட்டை செய்கிறவன். அவனுக்காவது ஆசிரியரின் கவனம் கிடைக்கிறது, திட்டாகவேனும். கரும்பலகையில் உள்ளதை அட்சரம் பிசகாமல் நோட்டில் எழுதிக்கொண்டு, கேள்வி கேட்டால் எழுந்து தலைகுனிந்து நின்று, உட்காரச் சொன்னதும் உட்கார்ந்துவிடுகிற பிள்ளையை ஆண்டு முழுவதும் யாரும் கவனிப்பதில்லை. அந்த நோட்டைத் திருத்தினால் பிழையே இருக்காது. எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னால்தான் நிலைமை தெரியும். கற்றலை விட்டு விலகிப் போனவர்களில் பெரும்பகுதி இப்படி ஓசையில்லாமல் போனவர்கள் என்பது என் உறுதியான எண்ணம். பெண் பிள்ளைகள் இந்தக் கூட்டத்தில் அதிகம்.

இவர்களைப் பற்றி வீட்டிலும் ஆசிரியர் அறையிலும் சொல்லப்படுகிற காரணம் ஒன்றுதான்: அக்கறை கிடையாது. உளவியல் ஆய்வு கடந்த அறுபது ஆண்டுகளில் இதற்கு வேறொரு விளக்கத்தைத் தந்திருக்கிறது.

1967இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் அமெரிக்காவில் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தப்பிக்க வழியே இல்லாமல் மின்னதிர்ச்சிக்கு உள்ளான நாய்களில் பல, பிறகு வழி திறந்திருந்த இடத்திலும் தப்பிக்க முயலாமல் கிடந்தன. முயன்று பயனில்லை என்பதை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று இருவரும் விளக்கினார்கள். ஆசிரியப் பயிற்சிக்குப் போனவர்கள் பலரும் கேள்விப்பட்ட சோதனைதான். அவ்வளவாகப் பேசப்படாதது அதன் அடுத்த கட்டம். ஏறத்தாழ ஐம்பதாண்டு கழித்து, 2016இல், அதே இருவரும் மூளை ஆய்வுகளின் துணையோடு தங்கள் விளக்கத்தைத் திருத்தி எழுதினார்கள். நெடிய துன்பத்தின் முன் செயலற்றுப் போவது உயிரினத்தின் இயல்பான எதிர்வினை, அது கற்றுக்கொண்டதன்று. ‘என் செயலால் நிலைமை மாறும்’ என்பதைத்தான் பட்டறிவால் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார்கள். நாய்க்குச் சொன்னதை அப்படியே பிள்ளைக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் வகுப்பறையில் வேலை செய்கிற எவருக்கும் இந்தத் திருத்தம் மிக முக்கியமானது. பிள்ளையிடம் இருக்கிற சோம்பலை விரட்டுவதைப் பற்றி நாம் கவலைப்படுகிறோம். தன் முயற்சிக்குப் பலன் உண்டு என்று அந்தப் பிள்ளை கண்கூடாகப் பார்க்கும் சந்தர்ப்பத்தை உண்டாக்கினோமா என்பதே முதலில் கேட்க வேண்டியது.

கரோல் ட்வெக் 1975இல் வெளியிட்ட ஆய்வு மிகச் சிறியது. கணக்கில் ஒருமுறை தோற்றதும் கைவிட்டுவிடும் பிள்ளைகள் 12 பேரை எடுத்துக்கொண்டார். பாதிப் பேருக்கு எப்போதும் வெற்றி பெறும்படியான எளிய கணக்குகளாகவே தரப்பட்டன. மீதிப் பேருக்கு இடையிடையே தோல்வியும் தரப்பட்டது. தோற்கும்போது, இன்னும் கொஞ்சம் முயன்றிருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லப்பட்டது. பயிற்சி முடிந்தபின் கடினமான கணக்கைச் சந்தித்தபோது, வெற்றியையே பார்த்துவந்தவர்கள் பழையபடி சுருண்டார்கள். தோல்வியைக் கையாளப் பழகியவர்கள் நின்று போட்டார்கள். சுலபமான கேள்விகளைக் கொடுத்து நம்பிக்கையை வளர்த்துவிடலாம் என்று நினைக்கிற நம் கையேடுகள் யோசிக்க வேண்டிய இடம் இது.

1979இல் மார்ட்டின் கவிங்டனும் கரோல் ஓமலிக்கும் முயற்சி என்பது இருபுறமும் கூரான வாள் என்று எழுதினார்கள். முயலாமல் தோற்றால் ‘படிக்கவில்லை, அதனால் தோற்றேன்’ என்று சொல்லிக்கொள்ளலாம். முயன்று தோற்றால் ‘எனக்கு மூளை இல்லை’ என்று நாற்பது பேர் முன்னால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். பதினான்கு வயதில் இரண்டில் எது தாங்கக்கூடியது? நாம் அக்கறையின்மை என்று பெயர் வைத்திருப்பது பெரும்பாலும் ஒரு பிள்ளை தன் மானத்தைக் காத்துக்கொள்ளும் வழி. அந்த மானத்தை மேலும் குலைக்கிற எதுவும், பெயர் சொல்லித் திட்டுவதானாலும் மதிப்பெண்ணை உரக்க வாசிப்பதானாலும், அந்தப் பிள்ளையை இன்னும் உள்ளே தள்ளும்.

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டுக்கு, முயற்சிக்குப் பலன் உண்டு என்று பிள்ளைக்குக் காட்டுவது புதிதன்று. இந்த மண்ணின் பொருள்வளம் முழுவதும், ஒரு சிறுவனை வேலைக்குள் எப்படி இழுப்பது என்ற அறிவின் மேல் எழுந்தது.

இங்குள்ள வணிகச் சமூகமான நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை, இந்தோசீனா என்று கடல் கடந்து வட்டிக்கடை நடத்திய காலத்தில், பையன்கள் இளம் வயதிலேயே கடைக்குப் போனார்கள். கிட்டங்கி என்ற நீண்ட கூடத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு மரப்பெட்டி; அதன் முன் தரையில் அமர்ந்துதான் கொடுக்கல் வாங்கல். புதிதாக வந்தவன் பெட்டியடிப் பையன். எடுபிடி வேலை செய்வான், பணத்தை எண்ணுவான், கணக்கை ஒப்பு நோக்குவான். அடுத்த படி அடுத்தாள். அதற்கு மேல் கடையையே நடத்துகிற மேலாள். மூன்றாண்டுக் கணக்கில் ஒருவர் போய்த் திரும்புவார், அடுத்தவர் போவார். சிறப்பாக வேலை பார்த்தவர் பின்னாளில் தனிக்கடை வைப்பார். பையன் கற்றது எளிய கணக்கும் இல்லை. நாள்வட்டி, மாதவட்டி, நாணய மாற்று, பேரேடு, ஆண்டு முடிவில் ஐந்தொகை. இன்று வணிகவியல் பட்டப்படிப்பில் வருகிறவற்றைப் பதின்ம வயதில் செய்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. பையனுக்குத் தான் ஏறப்போகும் படி எப்போதும் கண்ணில் பட்டது. அடுத்தாள் அவனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவன் செய்த வேலை உண்மையான வேலை. கூட்டல் தப்பினால் அன்று மாலையே பெட்டியில் பணம் இடிக்கும், தப்பு எங்கே என்று அவனே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவன் கடைக்குத் தேவைப்பட்டான். பின்னாளில் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் மனித ஊக்கத்துக்கு அடிப்படை என்று மூன்று தேவைகளைச் சொன்னார்கள்: தானே முடிவெடுத்துச் செய்தல், தன்னால் முடியும் என்ற திறனுணர்வு, பிறரோடு பிணைப்பு. முதலாவது பெட்டியடிப் பையனுக்கு அதிகம் வாய்க்கவில்லை. மற்ற இரண்டும் நிறைய வாய்த்தன.

இந்தப் பழமையைப் பொற்காலமாகக் காட்டுவது பெரிய அநீதி. அந்தப் பெட்டியடியில் இடம் ஒரே சாதியின் ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே. அதே ஊர்களில் வயலில் இறங்கிய குடும்பங்களின் பிள்ளைகளும், சேரியின் பிள்ளைகளும், எந்தச் சாதியானாலும் பெண் பிள்ளைகளும் அந்தக் கற்றலின் வாசலுக்குக்கூட வர முடியவில்லை. இன்று காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் அந்த விலக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்களில் பலரின் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தொட்ட முதல் ஆள் அவர்களே. ‘அடுத்தாள்’ அவர்களுக்குக் கண்ணில் படுவதில்லை.

திண்ணைப் பள்ளிக்கூடத்தையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். எண்சுவடி முறை நினைவாற்றலையும் மனக்கணக்கையும் கூர்மையாக்கியது உண்மை. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் அந்தத் திண்ணையில் இருந்ததும் உண்மை. அச்சம் பிள்ளையை அசையாமல் உட்கார வைக்கும். அந்த அமைதியைக் கற்றல் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. தமிழ்நாட்டில் 2003இல் விதி திருத்தப்பட்டு உடல் தண்டனை தடை செய்யப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் மனத் துன்புறுத்தலையும் சேர்த்துத் தடுத்தது. பிரம்பு போய்விட்டது. நாக்கு போகவில்லை.

திண்ணையிலிருந்து உலகம் எடுத்துக்கொண்ட நல்லது ஒன்று உண்டு. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தன் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லித்தரும் முறையை விரிவாக நடத்திப் பார்த்து, 1797இல் லண்டனில் அதை நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது பரவியது. திண்ணையின் சட்டாம்பிள்ளை முறைக்கு நெருங்கிய உறவு அது. நம் திண்ணை, கடல் கடந்து போய் இருநூறு ஆண்டுக்குப் பின் நம் அரசுப் பள்ளிக்கே வேறு வடிவில் திரும்பிவந்த கதையை இனிச் சொல்கிறேன்.

முதலில் அழகப்பர். கோட்டையூரில் 1909இல் பிறந்த அழகப்பச் செட்டியார், பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார் கல்லூரிகள் தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று 1947இல் சென்னையில் விடுத்த அழைப்பை ஏற்று, அந்த ஆகஸ்டிலேயே காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரியைத் திறந்துவிட்டார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தந்து, 1948இல் நேருவைக் கொண்டு அடிக்கல் நாட்ட வைத்தார். இவை எல்லாரும் அறிந்தவை. இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது, அந்தக் கல்வி வளாகத்தில் மாண்டிசோரிப் பள்ளியும் இருந்தது என்பது. பட்டமேற்படிப்பையும் மழலையர் வகுப்பையும் ஒரே வளாகத்தில் நினைத்துப் பார்த்த மனம் அது. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கிப் பல நூறு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர். பிள்ளை தானே கருவியை எடுத்து, தன் வேகத்தில் செய்து, தன் பிழையைத் தானே காண வேண்டும் என்பது அவர் முறையின் உயிர். பெட்டியில் பணம் இடிப்பதைப் பார்த்துத் தவறைத் தேடிய பையனின் கற்றலும் இதுவும் வெகு தொலைவில் இல்லை. ஆனால் நாடெங்கும் மாண்டிசோரி முறை வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் முறையாகவே நின்றுவிட்டது.

அதே கொள்கையை ஏழைப் பிள்ளைகளிடம் கொண்டுபோனது செயல்வழிக் கற்றல். ஆந்திராவின் ரிஷி பள்ளத்தாக்கில் பத்மநாப ராவும் ரமாவும் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறையைச் சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் நேரில் போய்ப் பார்த்துவந்தார்கள். எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது 2003இல் மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநராக இருந்தபோது 2007–08இல் மாநிலம் முழுவதும் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை அது விரிந்தது. செட்டிநாட்டு ஊர்களின் ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளுக்கும் பாயும் அட்டைகளும் வந்தன.

அந்த வகுப்பறையைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. பெஞ்சு இல்லை, ஆகவே கடைசி பெஞ்சும் இல்லை. பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரின் அடிப்பகுதியில் கரும்பலகை, ஆளுக்கு ஓர் இடம். வருகையைப் பிள்ளையே பதிவு செய்யும். தலைக்கு மேல் கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்ததும் எழுதியதும் தொங்கும். சுவரில் கற்றல் ஏணி: எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்து எந்த அட்டை என்று ஏழு வயதுப் பிள்ளை தானே பார்த்து எடுத்துக்கொள்ளும். ஆசிரியர் உதவியோடு, திண்ணையின் சட்டாம்பிள்ளையை நினைவூட்டும் உடன் படிப்பவர் உதவியோடு, தானாக, மதிப்பீடு என்று குழுக்கள் மாறிக்கொண்டிருக்கும். காய்ச்சலில் ஒரு வாரம் வராத பிள்ளை திரும்பி வரும்போது விட்ட படியிலிருந்தே தொடரலாம். வகுப்பு முன்னே போய்விட்டது என்ற பேச்சே கிடையாது. கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் பெற்றோரோடு இடம் மாறிப் போய்வருகிற பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அது ஏன் தளர்ந்தது? அட்டைகள் கிழிந்தன, புதியவை நேரத்துக்கு வரவில்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் உள்ள பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையின் படியையும் பதிவேட்டில் ஏற்றுவதே பெரும் வேலையாயிற்று. வீட்டுப்பாடமும் நோட்டும் இல்லாத படிப்பைப் படிப்பாகப் பெற்றோர் ஏற்கவில்லை. ஆங்கிலவழித் தனியார் பள்ளியின் வேன் தெருமுனைவரை வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, நல்ல அட்டை ஆசிரியருக்கு ஆயத்தமாகக் கிடைத்தது. அதை மாற்றவும் தன் ஊருக்கு ஏற்ப ஆக்கவும் அவருக்கு உரிமை தரப்படவில்லை. பிள்ளைக்குச் சுதந்திரம் தருகிற முறையை, ஆசிரியருக்குச் சுதந்திரம் தராமல் நடத்திவிடலாம் என்று நம்பியதுதான் அதன் பெரிய குறை என்று நான் கருதுகிறேன். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்பக் குழு பிரித்து அந்த நல்ல பகுதியை மீட்டெடுத்திருக்கிறது. அதற்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

நிலைக்கேற்பக் கற்பிப்பது பலன் தருகிறது என்பதற்கு வலுவான சான்று உண்டு. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, மும்பையிலும் வதோதராவிலும் உள்ளூர் இளம்பெண்கள் பின்தங்கிய பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் எண்ணும் தினமும் இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்ததில் தெளிவான முன்னேற்றம் கண்டது. நமக்கு இன்னும் அருகில் இல்லம் தேடிக் கல்வி. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்தபின், 2021 அக்டோபரில் தொடங்கிய அத்திட்டத்தில் ஏறத்தாழ 2 இலட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், தங்கள் தெருப் பிள்ளைகளை மாலையில் கூட்டி வைத்துப் படிக்கச் செய்தார்கள். தமிழக ஊரகப் பகுதியின் சுமார் 19,000 பிள்ளைகளை அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் ஆராய்ந்ததில், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் 24 விழுக்காடு இத்திட்டத்தால் வந்தது. ‘பக்கத்து வீட்டு அக்கா’ சொல்லிக்கொடுத்த பாடம் அது. அந்த அக்கா பன்னிரண்டாம் வகுப்போ பட்டமோ முடித்தவர், தெருவிலேயே இருப்பவர். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைக்குக் கண்ணில் பட்ட முதல் ‘அடுத்தாள்’ அவர்தான்.

தொடக்கப் பள்ளியைத் தாண்டியதும் சிக்கல் வேறு. ஒன்பதாம் வகுப்பில் அட்டையும் இல்லை, பாயும் இல்லை. நாற்பத்தைந்து நிமிடம், முடிக்க வேண்டிய பாடம், தேதி குறித்த தேர்வு. இங்கே ஆசிரியர்கள் வழக்கமாக நாடுவது பரிசையும் ஊக்கப் பேச்சையும்.

பரிசைப் பற்றி மார்க் லெப்பரும் சகாக்களும் 1973இல் கண்டது கவனிக்க வேண்டியது. படம் வரைவதில் இயல்பாக விருப்பம் கொண்ட மழலைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பரிசுப் பேச்சு இல்லாதபோது, அந்தப் பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற பிள்ளைகளிடம் இந்தக் குறைவு இல்லை. விருப்பம் இருக்கும் இடத்தில் கூலி பேசினால் விருப்பம் கெடுகிறது. ஊக்கப் பேச்சின் வீச்சையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். முயன்றால் மூளையின் திறன் வளரும் என்று சொல்லித்தரும் குறும்பயிற்சியை அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், பின்தங்கியவர்களுக்குச் சிறிய முன்னேற்றமே கிடைத்தது; அதுவும் சூழல் துணை நின்ற பள்ளிகளில். பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதம் பேச்சாளரை அழைத்துவந்து இரண்டு மணி நேரம் கைதட்ட வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைப்பது வீண்.

காரைக்குடி மேடைக்குப் பேர்போன ஊர். சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகம், அதற்கும் முந்தைய இந்து மதாபிமான சங்கம் என்று தமிழ் மேடையில் ஏறி வளர்ந்த ஊர். பள்ளிகளும் பேச்சுப் போட்டி, கவிதை ஒப்புவித்தல் என்று மும்முரமாக இருக்கின்றன. நல்லதுதான். ஆனால் எல்லாப் போட்டிக்கும் அதே மூன்று பிள்ளைகள் போய் அதே கோப்பைகளைக் கொண்டுவருவது பள்ளிக்குப் பெருமையே தவிர வகுப்புக்குப் பயன் இல்லை. மேடை யாருக்கு மருந்தாக வேண்டுமோ அவன் பார்வையாளனாகவே பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கிறான். பக்கத்துச் சிறுகூடல்பட்டிக்காரர் கண்ணதாசன் எட்டாம் வகுப்போடு நிறுத்தவில்லையா என்று சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. எட்டாம் வகுப்போடு நின்ற மற்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதை அந்த ஆறுதல் கேட்பதில்லை.

காசு செலவில்லாமல் எந்த வகுப்பிலும் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு: கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருத்தல். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுபதுகளில் நூற்றுக்கணக்கான வகுப்பு ஒலிப்பதிவுகளை அளந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். நன்றாகப் படிப்பவர் என்று கருதியவருக்குக் கூடுதல் நேரமும், மந்தம் என்று கருதியவருக்குக் குறைந்த நேரமும் கொடுத்தார்கள். யோசிக்க அதிக நேரம் தேவைப்படுகிற பிள்ளைக்குத்தான் குறைந்த நேரம் கிடைத்தது. காத்திருப்பை மூன்று நொடிக்கு நீட்டியபோது பதில்கள் நீண்டன, ‘தெரியாது’ என்பது குறைந்தது, அதுவரை வாய் திறக்காதவர்கள் பேசினார்கள், மாணவர்களே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். மூன்று நொடி மௌனம் ஆசிரியருக்குப் பெரும் சங்கடமாகத்தான் இருக்கும். பழகினால் சரியாகும்.

அடுத்தது, கேட்கிற கேள்வி எப்படிப்பட்டது என்பது. ஆத்தங்குடியில் தரைக்கல் செய்பவர்கள் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமென்ட் குழம்பை ஊற்றி, மேலே சிமென்டும் மணலும் இட்டு அழுத்தி எடுத்து, பிறகு கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறப்போடுகிறார்கள். செங்கல்லை வெயிலில் காய வைப்பவர்கள் இந்தக் கல்லை ஏன் தண்ணீரில் போடுகிறார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்டால் கடைசி வரிசைப் பையனுக்கு, ஒருவேளை அவன் அப்பா கொத்தனாராக இருந்தால், முதல் வரிசையைவிட நல்ல பதில் இருக்கும். சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, நீரோடு வினைபுரிந்து இறுகுகிறது என்ற வேதியியலுக்கு அவன் பதில்தான் வாசல். அதே கல்லின் கோலத்தில் சமச்சீரும் சுழற்சியும் இருக்கின்றன. துருப்பிடித்தல் பாடத்துக்கு, கடற்காற்றில் நிற்கும் பாம்பன் பாலமும் மண்டபத்தில் உலோக அரிப்பை ஆராயும் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமும் பக்கத்திலேயே இருக்கின்றன.

கூட்டுவட்டிப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். கூட்டுவட்டியால் மாளிகை கட்டிய ஊரில், பி, ஆர், என் என்ற எழுத்துகளை மனப்பாடம் செய்ய வைத்து முடித்துவிடுகிறோம். இந்தப் பிள்ளைகளில் பலர் வீட்டில் மகளிர் குழுக்கடனும் வாரத் தவணையும் நகைக்கடன் அட்டையும் இருக்கின்றன. ‘மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய்’ என்பது ஆண்டுக்கு எவ்வளவு, வங்கி நகைக்கடனோடு ஒப்பிட்டால் எது மலிவு என்று கணக்குப் போடக் கற்ற மாணவி அன்று மாலை அம்மாவுக்குத் தேவைப்படுகிறவள் ஆகிறாள். பெட்டியடிப் பையனுக்குக் கடையில் கிடைத்த இடம் அவளுக்கு வீட்டில் கிடைக்கிறது. ஒரு கட்டாய எச்சரிக்கை: உன் வீட்டில் எவ்வளவு கடன் என்று வகுப்பில் எந்தப் பிள்ளையையும் கேட்கக் கூடாது. கற்பனைக் குடும்பத்தின் கணக்காகக் கொடுத்தால் போதும். பிள்ளைக்குத் தெரியும் அது யாருடைய கணக்கென்று.

இவ்வளவும் ஆசிரியரால் மட்டும் ஆகிற காரியம் என்று சொன்னால் அது அநியாயம். முகூர்த்த நாளில் இரவெல்லாம் மண்டபத்தில் பந்தி பரிமாறிவிட்டு வந்த பையன் காலையில் தூங்கத்தான் செய்வான். பசியோடு வந்தவளுக்கு எந்தக் கற்பித்தல் முறையும் உதவாது; 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்க வகுப்புகளில் இதைப் பெரிதும் மாற்றியிருக்கிறது, மேல்வகுப்புகளுக்கும் அது வர வேண்டும். ஆசிரியர் நாளில் கணிசமான நேரம் இணையப் பதிவேற்றத்துக்கும் புள்ளிவிவரத்துக்கும் போகிறது. பிள்ளையின் முகத்தைப் பார்க்க நேரமில்லாத ஆசிரியரிடம் பிள்ளையை ஊக்குவிக்கச் சொல்லி இன்னொரு படிவம் அனுப்புவது கொடுமை.

ஆகவே என் வேண்டுகோள் ஆசிரியர்களுக்கு மட்டும் உரியதில்லை. செட்டிநாட்டில் பள்ளிக்கு நன்கொடை தரும் மரபு இன்னும் உயிரோடு இருக்கிறது. அறக்கட்டளைகளும் முன்னாள் மாணவர் சங்கங்களும் ஆண்டுதோறும் முதல் மூன்று இடம் பெற்றவருக்குத் தங்க நாணயமும் பள்ளிக்கு நுழைவு வளைவும் தருகின்றன. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, ஒவ்வோர் ஊரிலும் பட்டம் முடித்த ஓர் இளம்பெண்ணுக்கு மாதச் சம்பளம் கொடுத்து, ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை வாசிக்கத் திணறும் பிள்ளைகளோடு தினமும் மாலை இரண்டு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். ஒரு வளைவு கட்டும் செலவில் அவருக்குப் பல ஆண்டுச் சம்பளம் தரலாம்.